நோயற்ற புதரைக் காப்பாற்றிய விதம்

காலை பத்தே காலுக்கு ஏழு பேர் ஒரே ஜீப்பிலிருந்து போந்தோ ஷோனியாவின் வீட்டு வாசலில் இறங்கினார்கள். ஜீப்பில் ஐந்து பேருக்குத்தான் இருக்கை. மீதி இரண்டு பேரை எங்கே வைத்திருந்தார்கள் என்பது அரசாங்க ரகசியம் என்று பக்கத்து வீட்டு ஜும்பர் பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அது 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஜிக்கேத்தி கிராமத்தில் மழை நின்று அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. வந்தவர்களுக்கு முழங்கால்வரை சேறு. செத்துப்போன காட்டைப் பார்வையிட்டுவிட்டு நேராக இங்கே வருகிறோம் என்று அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள்.

வந்தவர்கள் சாதாரணப்பட்டவர்கள் அல்ல. மேற்கு ஜார்ஜியாவின் ப்ஸா புதர்களைப் பூஞ்சை நோயிலிருந்து மீட்பதற்காகத் தலைநகரில் அமைக்கப்பட்ட இடைக்கால நிரந்தரக் குழு. குழுவின் தலைவர் தெய்முராஸ். அதற்கு முன்பு அவர் ரயில்வே கடிகாரங்களைச் சீர்படுத்தும் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். கடிகாரங்கள் இன்றும் அதே நிலையில்தான் இருக்கின்றன என்பதால் அவருடைய அனுபவத்தை யாரும் சந்தேகிக்கவில்லை.

ப்ஸா அந்த மலைப்பக்கத்துக்கே சொந்தமான புதர். நகத்தளவு இலை. பனி கொட்டினாலும் பச்சை மாறாது. வளர்வதில் அரசாங்கக் கோப்பைவிட நிதானமானது. ஒருவன் பள்ளிக்கூடம் போகும்போது சுண்டுவிரல் தடிமனில் இருந்த தண்டு, அவன் பென்ஷன் வாங்கும்போது கட்டைவிரல் தடிமனுக்கு வந்திருக்கும். சில வருஷங்களுக்கு முன்னால் அதன் இலைகளில் பழுப்பு வட்டம் விழுந்தது. தண்டில் கரிக்கோடு ஓடியது. இலை உதிர்ந்தது, புதர் செத்தது. ஈரம் இருக்கிற இடத்துக்கெல்லாம் போகிற பூஞ்சை அது. அந்தப் பக்கத்தில் ஈரம் இல்லாத இடம் அடுப்பு ஒன்றுதான். இரண்டு மழைக்காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் பழைய துடைப்பத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது.

போந்தோவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் மட்டும் ஒரு பெரிய புதர்க்கூட்டம் பச்சையாகவே நின்றது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. போந்தோவுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. அவனுக்குத் தெரிந்தது வேறு. அந்த மேடு களிமண். களிமண்ணுக்குக் கீழே வழுக்குப் பாறை. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது ப்ஸாவின் வேர். மேட்டுக்கு நேர் கீழே அவனுடைய வீடு. பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில் புதர் செத்த அடுத்த இலையுதிர்காலத்திலேயே மேடு இறங்கி வந்து ஜும்பரின் மைத்துனனுடைய மாட்டுக்கொட்டகையைக் கொண்டுபோனது. மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்ததால் தப்பியது. போந்தோவின் வீடு மேய்ச்சலுக்குப் போகாது. ஆகவே புதர் நின்றால் வீடு நிற்கும் என்பதே அவனுடைய கணக்கு.

முதலில் அவன் மாவட்ட அலுவலகத்துக்குத்தான் போனான். ஒரு மருந்தை இப்போதே தெளித்தால் பூஞ்சை ஏறாது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவனாகவே வாங்கித் தெளிக்க முடியாது. ப்ஸா அரசாங்கத்தின் அபூர்வத் தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் உள்ள செடியை அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது, சுற்றி வேலி போடக் கூடாது, அதன்மேல் எதையும் தெளிக்கவோ போர்த்தவோ கூடாது. பூஞ்சைக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்று யாரும் ஆராயவில்லை.

முதல் அறை வனத்துறை. பச்சையான செடி எங்களுடையதுதான், ஆனால் மருந்து எங்களுடையது அல்ல என்றார்கள். இரண்டாவது அறை பயிர்நோய்த் துறை. அங்கே இருந்தவர் காப்பியை ஆற்றிக்கொண்டே விசாரித்தார்.

"செடிக்கு என்ன சீக்கு?"

"இன்னும் ஒண்ணும் இல்லீங்க. அதனாலதான் வந்தேன்."

"சீக்கு இல்லாத செடிக்கு நான் என்னய்யா பண்றது? சீக்கு வந்தப்பறம் வா."

"வந்தா செத்துடுமேங்க."

"செத்துட்டா எதிர் ரூம். பட்டுப்போன மரத்தை அவங்கதான் பார்க்கறாங்க."

எதிர் அறையில் ஆள் இருந்தார். அவர் மட்டும்தான் போந்தோவை உட்காரச் சொன்னார். நல்ல சாவாக இருந்தால் விறகாகத் தர ஏற்பாடு செய்யலாம் என்றும் அன்போடு சொன்னார்.

இந்த விஷயம் எப்படியோ ஒரு நாளிதழின் உள்பக்கத்தில், ஒரு சோப்பு விளம்பரத்துக்கும் கால்பந்து முடிவுக்கும் நடுவே, நாலு வரியில் வந்தது. பள்ளத்தாக்கில் பச்சையாக மிஞ்சியிருப்பது ஒரே ஒரு புதர்க்கூட்டம் என்று அதில் இருந்தது. நாலு வரிக்கு ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. அந்த ஏழு பேர்தான் இப்போது சேறும் சகதியுமாக வாசலில் நின்றார்கள்.

வந்தவர்களில் நோயைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். நாத்தெலா என்கிற பூஞ்சை நிபுணர். படித்தவர், பல வருஷமாக இந்த ஒரே பூஞ்சையோடு குடித்தனம் நடத்துபவர். ஜீப்பிலிருந்து இறங்கியதுமே அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் அதற்குள் போந்தோவின் மனைவி இசோல்டா மேசையில் தட்டுகளை வைத்துவிட்டாள். விருந்தாளி வெறும் வயிற்றோடு புதரைப் பார்ப்பது அந்த ஊரில் நடக்கிற காரியம் இல்லை. குழு ஒருமனதாக உட்கார்ந்தது.

மக்காச்சோளக் களி வந்தது. பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி வந்தது. அக்ரூட் அரைத்துவிட்ட கோழி வந்தது. மண்ணுக்குள் புதைத்த பானையிலிருந்து ஒயின் வந்தது. மேசைக்கு ஒரு தமாதா வேண்டும். வாழ்த்துச் சொல்லி ஒவ்வொரு கிண்ணத்தையும் தொடங்கிவைப்பது அவர்தான். அவர் அனுமதி தந்தபிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறக்கலாம். தலைவர் இருக்கும்போது தமாதாவைத் தேட வேண்டியதில்லை. தெய்முராஸ் எழுந்தார்.

அமைதிக்கு ஒரு கிண்ணம். தாய்நாட்டுக்கு ஒரு கிண்ணம். வீட்டுக்காரருக்கு ஒன்று, வீட்டுக்காரிக்கு ஒன்று. குழுவின் செயலர் குறிப்பெடுப்பவர். தலைவர் நின்றுகொண்டு சொல்வதெல்லாம் தீர்மானம் என்று அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மறைந்தவர்களுக்கான கிண்ணத்தின்போது தெய்முராஸின் குரல் உடைந்தது. செத்துப்போன புதர்களையும் அவர் அதில் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு முறை அவர் மூச்சு விட நிறுத்தியபோதும் நாத்தெலா கிண்ணத்தோடு எழுந்தார். ஒவ்வொரு முறையும் தலைவர் கையைக் காட்டி, உங்கள் முறை வரும் என்றார். தமாதாவை மீறிப் பேசுவது விஞ்ஞானிக்கும் அழகல்ல.

குழந்தைகளுக்கான கிண்ணத்துக்குப் பிறகு தெய்முராஸின் பார்வை ஜன்னல் வழியாக மேட்டுக்குப் போனது. வெயில் லேசாக வந்திருந்தது. மழையில் கழுவின ப்ஸா பளபளத்தது.

"பத்தோனோ போந்தோ," என்றார் அவர், மரியாதையாக. "எத்தனையோ ஊர் பார்த்திருக்கேன். இப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்ல. கொடுத்து வெச்சவர் நீங்க."

எல்லோரும் போந்தோவைப் பார்த்தார்கள். விருந்தாளி ஒரு பொருளை வாய்விட்டுப் புகழ்ந்துவிட்டால் வீட்டுக்காரன் அதை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் போலீஸ் வராது. ஆனால் அவனுடைய பேரப்பிள்ளைகளுக்குப் பெண் கேட்டுப் போகும் வீடுகளில்கூட அந்தப் பேச்சு எழும். போந்தோவின் அப்பா இப்படித்தான் ஒரு முறை தொப்பியையும், இன்னொரு முறை குதிரையையும் கொடுத்தார். புதரைப் பெயர்த்துக் கொடுக்க முடியாது. போந்தோ இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி, நல்லதாக ஒரு கிளையை வெட்டிக் கொண்டுவந்து தலைவர் கையில் கொடுத்தான். தலைவருக்குக் கொடுத்துவிட்டு செயலருக்குக் கொடுக்காமல் இருப்பது எப்படி. அவன் மறுபடி ஏறினான். இந்த முறை வழி காட்டுகிறோம் என்று மூன்று பேர் சேற்றுக் காலோடு கூட ஏறினார்கள்.

நாத்தெலாவின் முறை வந்தபோது மேசையில் கோழியின் எலும்பு மட்டும் இருந்தது. அவர் எழுந்து நின்று, மிகத் தெளிவாக, அந்தப் பூஞ்சை செருப்பில் ஒட்டிய சேற்றில் போகும், வெட்டுகிற கத்தியில் போகும், ஈரக் கையில் போகும் என்றார். இந்தப் புதரை யாரும் தொடவே கூடாது, பக்கத்தில்கூடப் போகக் கூடாது என்றார். அவர் கிண்ணம் வலது கையில் இருந்தது. போந்தோ கொடுத்த கிளை இடது கையில் இருந்தது. வீட்டுக்காரன் கொடுத்ததை வாங்க மறுப்பது அவருக்கும் முடியவில்லை.

எல்லோருக்கும் கண் கலங்கியது. இவ்வளவு அழகான வாழ்த்தைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று தெய்முராஸ் சொன்னார். அதற்காக எழுந்து நின்று குடித்தார்கள்.

குழு மேற்கொண்ட நடவடிக்கைகள் விரைவாக நிறைவேறின. நெடுஞ்சாலையில் ஒரு பெரிய பலகை நட்டார்கள். 'நாட்டின் கடைசி நோயற்ற ப்ஸா. தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள். 1.2 கி.மீ.' என்று அதில் எழுதி, வழி தவறிவிடக் கூடாது என்று அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். அதுவரை அந்தப் புதர் எங்கே இருக்கிறது என்று பக்கத்து ஊர்க்காரனுக்கே தெரியாது. இரண்டாவது பலகையை மேட்டிலேயே நட்டார்கள். பலகையின் இரும்புக் கால் இறங்க இடமில்லாததால் கொஞ்சம் வேரை வெட்ட வேண்டியிருந்தது. அதற்கு முறைப்படி அனுமதி வாங்கியிருந்தார்கள்.

மேட்டுக்கு ஏறும் இடத்தில் ஒரு தொட்டி வைத்தார்கள். வருகிறவர்கள் செருப்பை அதில் முக்கிக் கிருமி நீக்கிவிட்டு ஏற வேண்டும். கிருமிநாசினி தனி ஒப்பந்தம் என்பதால் அது வரவில்லை. மழை வந்து தொட்டியை நிரப்பியது. ஜனங்கள் கட்டுப்பாடானவர்கள். பள்ளத்தாக்கின் எல்லாச் செத்த காடுகளையும் மிதித்துவிட்டு வந்த கால்களை, ஒருவர் விடாமல், அந்த ஒரே தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு மேலே ஏறினார்கள்.

இதற்கு நடுவில் தெய்முராஸ் தொலைக்காட்சியில் வந்தார். கோட்டில் ப்ஸா கிளை செருகியிருந்தது. பேட்டி எடுத்த பெண் அது என்ன என்று கேட்டதும், ப்ஸாவின் துயரத்தில் பங்கேற்கிறேன் என்றார். மறுநாள் இரண்டு மந்திரிகளின் கோட்டில் கிளை இருந்தது. அந்த வாரக் கடைசியில் எதிர்க்கட்சித் தலைவர் கொஞ்சம் பெரிய கிளையாகச் செருகிக்கொண்டு வந்து, அரசாங்கத்துக்கு ப்ஸாவின் மேல் அக்கறை போதாது என்று குற்றம் சாட்டினார். அதன்பிறகு கிளை இல்லாத கோட்டைப் போட்டுக்கொண்டு தலைநகரில் நடமாடுவது கஷ்டமாகிவிட்டது. கல்யாணப்பெண்கள் தலையில் வைத்துக்கொண்டார்கள். முடிதிருத்தும் கடைக்காரர் கண்ணாடிச் சட்டத்தில் செருகினார். ஒரு ஹோட்டலில் காப்பிக் கோப்பையின் சாஸரில் ஒரு இலையை வைத்துக்கொடுத்துவிட்டு, இந்தக் காப்பி ப்ஸாவுக்காக என்று இரண்டு மடங்கு விலை வாங்கினார்கள். பழுப்புப் புள்ளி விழுந்த கிளையைச் செருகியவர்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்றார்கள். பச்சைதான் வேண்டும். பச்சை எங்கே கிடைக்கும் என்று பலகையில் அம்புக்குறி இருந்தது.

கார்கள் வர ஆரம்பித்தன. வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் ப்ஸாவை நேசிப்பவர்கள். மேட்டின் கீழே நின்று முதலில் பெருமூச்சு விட்டார்கள். பிறகு போந்தோவைப் பார்த்து, என்ன ஒரு பச்சை என்றார்கள். போந்தோ கத்தியை எடுத்தான்.

நாலாம் நாள் சாயங்காலம் இசோல்டா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"ஏ மனுஷா, உனக்கு அந்தக் கத்தியை இடுப்புல கட்டினது யாரு? மேட்டுக்கு இந்தப் பக்கம் வழுக்கையாயிடுச்சு. ராத்திரி மழை பேஞ்சா அது நேரா உன் தலைமாட்டுக்குத்தான் வரும்."

"வாசல்ல வந்து நின்னு நல்லா இருக்குன்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"இல்லைன்னு சொல்லு."

"விருந்தாளிகிட்டயா?"

இசோல்டா துடைப்பத்தை மறுபடி எடுத்தாள். அவளும் அன்று காலையில்தான் பெயர் தெரியாத பதினோரு பேருக்கு ரொட்டி சுட்டுப் போட்டிருந்தாள்.

யோசனை சொல்வதற்கு ஜும்பர் வந்தான். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பேசினால் யோசனை, இந்தப் பக்கம் வந்தால் சாப்பாடு என்பது அவனுடைய வழக்கம். இந்தப் பக்கமே வந்தான்.

"நீ ஒரு மண்டு. புதர் நல்லா இருக்குன்னு சொல்றதாலதானே கேக்கறாங்க? சீக்கு வந்துடுச்சுன்னு சொல்லிடு. ஒருத்தன் தொட மாட்டான்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் காலை வந்த முதல் காரிடம், புதருக்கு நோய் வந்துவிட்டது என்று போந்தோ சொன்னான். கார் திரும்பிப் போனது. இரண்டாவது காரும் போனது. மத்தியானம் பயிர்நோய்த் துறையின் வண்டி வந்தது. காப்பி ஆற்றிய அதே அதிகாரி, கூட மரம் அறுக்கும் இயந்திரத்தோடு இரண்டு பேர், மண்ணெண்ணெய் டின்னோடு ஒருவர்.

"நோய் வந்துடுச்சுன்னு தகவல் வந்துச்சு," என்றார் அதிகாரி. "விதிப்படி வேரோட பிடுங்கி இங்கேயே எரிக்கணும். ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவோம். நீ ஒண்ணும் கவலைப்படாதே."

"நோய் இல்லீங்க. நான் சும்மா சொன்னேன்."

"அரசாங்கத்துக்குப் பொய்த் தகவலா?"

"இல்லீங்க. சந்தேகப்பட்டேன். இப்ப பார்த்தா நல்லா இருக்குங்க."

அதிகாரி மேட்டைப் பார்த்தார். ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. பிறகு அவருடைய குரல் இளகியது.

"நல்லாத்தான்யா இருக்கு," என்றார். "ரொம்ப நல்லா இருக்கு."

போந்தோ கத்தியை எடுத்தான். நாலு பேருக்கும் ஆளுக்கொரு கிளை.

ஆக, புதர் நோயற்றது என்றால் நாடே வந்து ஒடிக்கும். நோயுற்றது என்றால் அரசாங்கம் வந்து எரிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறதா என்று போந்தோ மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேட்டான். அப்படி ஒரு நிலைக்கு இன்னும் துறை அமைக்கவில்லை என்றார்கள்.

ஏப்ரல் பிறந்தது. ஒன்பதாம் தேதி குருத்தோலை ஞாயிறு. ஓலை முளைக்காத நாடு அது. அங்கே அன்றைக்குக் கோயிலுக்கு எடுத்துப்போவது ப்ஸா கிளை. மந்திரித்த கிளையை வீட்டு நிலைப்படியில் செருகிவைத்தால் வருஷம் முழுவதும் வீட்டுக்குக் காவல். முன்பெல்லாம் போகிற வழியில் எந்தப் புதரிலும் வீட்டுக்கு ஒன்று ஒடித்துக்கொள்வார்கள். இந்த வருஷம் வீட்டுக்கு ஒன்று போதவில்லை. நாட்டிலேயே ப்ஸா அழிகிறது என்று தொலைக்காட்சி சொன்னபிறகு ஆளுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, வெளிநாட்டில் இருக்கிற மகளுக்கு அனுப்ப ஒன்று என்று ஆகிவிட்டது.

இடைக்கால நிரந்தரக் குழு முன்யோசனையோடு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பட்டியலில் உள்ள தாவரத்தை வெட்டுவது தண்டனைக்குரியது, சமயச் சடங்குக்காக வெட்டுவது நீங்கலாக, என்று அதில் இருந்தது. வழக்கமாக வருஷம் முழுவதிலும் அந்தப் புதரை வெட்ட ஒருவனுக்குத் தேவைப்படக்கூடிய ஒரே நாள் அந்த ஞாயிறுதான்.

பாதிரியார் சாபா நல்லவர். போந்தோ முந்தின நாளே அவரைப் போய்ப் பார்த்தான். புதர் போனால் மேடு போகும், மேடு போனால் வீடு போகும் என்று விஷயத்தை ஒளிக்காமல் சொன்னான். பாதிரியார் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அவர் வேறு எதையும் பேசவில்லை. எந்தப் பச்சைக் கிளையானாலும் கடவுள் ஏற்றுக்கொள்வார், பிரிஞ்சி இலை மாதிரி ஏதாவது தோட்டத்து இலை போதும், ப்ஸாவை நேசிக்கிறவன் அதை விட்டுவைப்பான் என்றார். அதன் இலைகளைக் குழந்தைகளின் கண்களோடு ஒப்பிட்டார். கோயிலில் மூக்கை உறிஞ்சாதவர்கள் இல்லை. கூட்டம் வெளியே வந்தபோது அத்தனை பேருடைய மனத்திலும் ப்ஸாவைத் தவிர எதுவும் இல்லை. நேராக மேட்டுக்குப் போனார்கள்.

போந்தோ வழியை மறித்து நின்றான். அன்று அவன் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். அதனால் எந்தப் பயனும் இல்லை. எல்லோரும் கத்தி கொண்டுவந்திருந்தார்கள்.

"போதும்யா," என்று கெஞ்சினான். "ஆளுக்கொண்ணு எடுத்தா என்ன மிஞ்சும்?"

"நான் ஒரே ஒண்ணுதான் எடுக்கப்போறேன் போந்தோ," என்றாள் தபால்காரரின் மனைவி, மனம் புண்பட்டவளாக. "என்னவோ நான்தான் அழிக்கிறவ மாதிரி பேசறியே."

அவளுக்குப் பின்னால் இருந்தவரும் ஒன்றே ஒன்றுதான் எடுத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர், முன்னால் போனவர்கள் இவ்வளவு எடுத்திருக்கக் கூடாது என்று வருத்தப்பட்டுக்கொண்டே ஒன்று எடுத்தார். பேராசைக்காரர் என்று யாரையும் சொல்ல முடியாது. தலைநகரிலிருந்து வந்தவர்கள் மட்டும் தொட்டியில் இரண்டு முறை காலை முக்கினார்கள். பாதிரியார் சாபா கடைசியாக வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் காட்டுவதற்கு ஒன்று வேண்டும் என்றார்.

சாயங்காலம் மேட்டில் பலகையும் அதற்குப் பக்கத்தில் மொட்டைத் தண்டுகளும் இருந்தன. மேல்மூலையில், கை எட்டாத இடத்தில், ஒரு கிளை மட்டும் பச்சையாக நின்றது. ஜும்பர் கழுத்தை நீட்டி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். போந்தோவும் பார்த்தான். இசோல்டா வாசலுக்கு வந்தாள்.

"ஊர்ல எல்லார் நிலைப்படியிலயும் ப்ஸா இருக்கு," என்றாள். "நம்ம வீட்டுல இல்ல. தலைக்கு மேல இப்படி ஒரு மேட்டை வெச்சுக்கிட்டு, காவலுக்கு ஒரு கிளை இல்லாம நான் எப்படிப் படுக்கறது?"

"அதையும் எடுத்துட்டா எப்படி?"

"நீ எடுக்கலேன்னா விட்டுடுவாங்களாக்கும். இதோ நிக்கறாரே இவரு."

ஜும்பர் வேறு பக்கம் பார்த்தான். போந்தோ வீட்டுக்குள் போய்க் கத்தியையும் ஏணியையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

ஒரு வாரம் கழித்து நாத்தெலா தனியாக வந்தார். கிளையை வெட்டிய காயங்களுக்குக் கீழே ஒவ்வொரு தண்டிலும் கரிக்கோடு ஓடியிருந்ததைப் பார்த்தார். வேர் இனிமேல் மண்ணைப் பிடிக்காது, உடனே மேட்டுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும், வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அறிக்கை எழுதினார். அறிக்கை குழுவின் கூட்டத்தில் வைக்கப்பட்டது. இந்த நோயின் பெயரே இலைப்புள்ளி, அது இலையில் வருவது, சம்பந்தப்பட்ட புதரில் இலை ஏதும் இல்லை, ஆகவே இலைப்புள்ளி இருக்க வாய்ப்பே இல்லை என்று தெய்முராஸ் சுட்டிக்காட்டினார். நோய் அபாயம் முற்றிலும் நீங்கியது என்று தீர்மானம் ஆயிற்று. நாத்தெலாவுக்கு ஆட்சேபம் இருந்தது. அந்தக் கூட்டமும் மேசையில்தான் நடந்தது. அவருடைய முறை வரும்போது எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

போந்தோ தானே முட்டுக்கொடுக்கப் பார்த்தான். மேட்டில் மண்வெட்டி வைக்க அனுமதி கிடைக்கவில்லை. புதர் பட்டியலில் இருந்தது.

மே மாதம் ஆறாம் தேதி, புனித ஜார்ஜின் நாளன்று, ஜும்பர் வீட்டில் விருந்து. போந்தோவும் இசோல்டாவும் அங்கே போயிருந்தார்கள். இரண்டு நாளாக மழை. ஜும்பர்தான் தமாதா. இல்லம் என்ற சொல்லுக்கு வாழ்த்துச் சொல்லிக் கிண்ணத்தைத் தூக்கிய நேரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் வைக்கோல் வண்டி கவிழ்ந்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். மேடு இறங்கி வந்து போந்தோவின் வீட்டைப் பழத்தோட்டத்தின் கோடிவரை தள்ளிக்கொண்டு போயிருந்தது. கூரை சாய்ந்து கிடந்தது. வெள்ளைத் தட்டு ஒன்று உடையாமல் சேற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. யாருக்கும் அடியில்லை.

இசோல்டா சத்தம் போட்டு அழவில்லை. ஜும்பர் கையில் இன்னும் கிண்ணம் இருந்தது. வாழ்த்தைப் பாதியில் விடுவது நல்லதல்ல என்பதால், எல்லோரும் அங்கேயே நின்றபடி குடித்து முடித்தார்கள்.

நிவாரணம் கேட்டுப் போந்தோ மாவட்ட அலுவலகத்துக்குப் போனான். வீடு விழுந்தால் ஒரு துறை, மண் சரிந்தால் ஒரு துறை, இரண்டும் சேர்ந்தால் குழு என்றார்கள். குழு ஆராய்ந்து, சரிந்து சமதளமாகிவிட்ட அந்த இடம் கட்டடம் கட்ட மிகவும் பொருத்தமானது என்று கண்டுபிடித்தது. போந்தோவுக்கும் இசோல்டாவுக்கும் மாவட்டத் தலைநகரில் நாலாம் மாடியில் இரண்டு அறை ஒதுக்கினார்கள். அங்கே மேடு இல்லை.

2018 செப்டம்பர் 22, சனிக்கிழமை, காலை பதினொன்றுக்கு, அந்த இடத்தில் ப்ஸா பாதுகாப்பு விழிப்புணர்வு மையத்தைத் தெய்முராஸ் திறந்துவைத்தார். போந்தோவும் இசோல்டாவும் சிறப்பு விருந்தினர்களாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலின் இரண்டு பக்கமும் பெரிய தொட்டிகளில் பிளாஸ்டிக் ப்ஸா வைத்திருந்தார்கள். பூஞ்சை தாக்காத ரகம் என்று தலைவர் அறிமுகப்படுத்தினார். என்ன ஒரு பச்சை என்று வந்தவர்கள் சொன்னார்கள். மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தும்போது இரண்டு தொட்டியிலும் கம்பி மட்டும் நின்றது.